வெயில் சீட்டு

தண்ணீர் விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மண் விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். செம்பரம்பாக்கம் பக்கம் வயலை பிளாட் போட்டு விற்றவர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஆனால் வெயிலைக் கதவு தட்டி வீடு வீடாக விற்ற மனிதர் பூமியில் ஒருவர்தான். அவர் அம்பத்தூர் மேனாம்பேட்டில், எங்கள் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் இருந்தார். இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால் என் பட்டறைக்கு அனுப்பி வையுங்கள், பேசிக்கொள்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஐந்தாவதோடு படிப்பை விட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தூளைக் கூட்டிப் பெருக்கிய கை இது. இன்று சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு பைசா கடனில்லாமல் வாங்கிய வீடு இருக்கிறது. எங்கள் அடுக்குமாடியில் மற்றவர்கள் எல்லாம் பேங்க் புண்ணியத்தில் குடியிருப்பவர்கள். வெளியூர்களிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான். பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

வெயில்காரர் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். பூந்தமல்லி ரூட்டில் காலம் முழுக்க விசில் ஊதியவர். ரிட்டயர் ஆனபோது பையைத் திருப்பிக் கொடுத்தார், விசிலைக் கொடுக்கவில்லை. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் குன்னூரில் டீச்சர். சூரியன் என்று சொன்னால் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்களாம், அதனால் 'வெயிலு' என்றே சொல்வார். அவர் தலையைக் கண்டதும் பிள்ளைகள் உள்ளே பார்த்துக் கத்தும்: "அம்மா, வெயில்காரரு வந்திருக்காரு!"

விஷயம் இதுதான். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் ஒரே பொது மீட்டரில் ஓடுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதன் பில் வந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒப்பாரி. எல்லோரும் பணம் போட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் வைக்கலாம் என்று கிளப்பியவர் இவர்தான். கூட்டம் கூடியது. அசோசியேஷன் செக்ரட்டரி, திருநெல்வேலித் தம்பி, லேப்டாப்பைத் திறந்தான்.

"பிரேக் ஈவன், அதான் போட்ட பணம் திரும்புறது, எப்ப வரும்னு பார்த்தா, கொஞ்ச வருஷம் இழுக்கும் போல அங்கிள்."

"இன்னாத்துக்கு இப்பவே பிரேக்கு புடிக்கிற? வண்டி இன்னும் ஸ்டாண்ட வுட்டே கெளம்பல!" என்றார் வெயில்காரர்.

நான் சும்மா இருப்பேனா? "எங்க ஊட்டு பில்லே கம்மி அண்ணாத்தே. மொதல்ல ஓடுற யூனிட்டுக்கு கவருமெண்டு காசே வாங்குறதில்ல. எனக்கு எதுக்கு சோலாரு?"

"உன் ஊட்டுக்கு வோணாம் மொதலாளி. பொது மீட்டருக்கு அந்த சலுகை கெடையாது. அங்க ஓடுற ஒவ்வொரு யூனிட்டும் காசு. வெயில அங்க வுட்டாத்தான் கட்டுப்படி ஆவும்."

"நான் லிஃப்ட்டுல ஏறுறவனே இல்லியே?"

"தண்ணி குடிக்கிற இல்ல? மோட்டாரு இன்னா உன் மூச்சுக்காத்துலயா ஓடுது?"

கூட்டம் சிரித்தது, ஆனால் பணம் போட ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் வெயில்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "லேப்டாப்ப மூடு தம்பி. இது ஒரு சீட்டுப்பா, அவ்ளோதான்" என்றார். சீட்டு என்றதும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அல்லாரும் பணம் போடறோம். சீட்டு புடிக்கிறவன் மேல கீறான். சாயங்காலம் ஆனா ஓடிப் பூடுவான். ஆனா காலீல கரீட்டா திரும்பி வந்துருவான். இந்த மாரி சீட்டுக்காரன நீங்க பாத்துகிறீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. அம்பத்தூரில் ஓடிப்போன சீட்டுக்காரர்களில் எவனும் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அன்றைக்கே பாதிப் பேர் சேர்ந்தார்கள். மீதிப் பேரைக் கதவு தட்டிச் சேர்த்தார். ஒரே ஒரு தொல்லை: மூன்றாவது மாடி அம்மா விடவில்லை. "ஏலம் என்னிக்குங்க? தை மாசம் எனக்கு எடுத்துக் குடுங்க, பொண்ணு கல்யாணம் வருது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மொத்த சூரியனையும் மண்டபத்துக்கு எடுத்துப் போகும் உத்தேசம்.

பேனல் வந்த பிறகு மொட்டை மாடி அவருடைய பஸ் ஆனது. எஸ்டேட் தூசி படிந்தால் கரண்ட் குறையும் என்று வாளித் தண்ணீரும் துணியுமாகத் தினம் காலையில் துடைப்பார். புறா உட்கார்ந்தால் விசில். ஈரப் புடவையின் நிழல் கண்ணாடியில் விழுந்தால் விசில். மேகம் வந்தால் அண்ணாந்து பார்த்து ரெண்டு விசில்: "ரைட், ரைட்! இங்க ஸ்டாப்பிங் கெடையாது, கொரட்டூர்ல எறங்கிக்கோ!" பல சமயம் மேகம் போகவும் செய்தது. நான் பொய் சொல்வதில்லை.

என் மனைவி போன பிறகு காலை டீயைத் தனியாகத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். அது எப்படியோ மொட்டை மாடிக்கு மாறிவிட்டது. அவர் துடைப்பார், நான் குறை சொல்வேன். "அந்த மூலைய உட்டுட்ட பாரு" என்பேன். "நீ டீய குடி, சூப்பர்வைசரு" என்பார். இருவருக்கும் நாள் நன்றாக ஆரம்பிக்கும்.

ஒருநாள் மகள் போனில் பேசியது எனக்கும் கேட்டது. "இன்னும் எவ்வளவு நாள்தான்பா அந்தக் கண்ணாடியத் துடைச்சுக்கிட்டு இருப்ப? உன் பேத்தி உன்ன போன்லதான் பாக்குறா."

"அசலு தேறட்டும்மா. தேறின அன்னிக்கே வண்டி ஏறிடறேன்."

போனை வைத்ததும் நான் சண்டைக்குப் போனேன். "அசலுக்கும் உனக்கும் இன்னா சம்பந்தம்? அல்லாரும்தான் பணம் போட்டோம்."

அவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "முன்ன ஒரு சீட்டுல டிப்போ ஆளுங்கள நாந்தான் சேத்து வுட்டேன். புடிச்சவன் ஓடிட்டான். அவன ஒருத்தனும் தேடல மொதலாளி. அல்லாரும் என் ஊட்டாண்ட வந்து நின்னாங்க. இவங்க போட்ட பணம் பில்லுல கழிஞ்சி முடியிற வரிக்கும் நான் நகர மாட்டேன். கண்டக்டரு பாதி வழில எறங்கக் கூடாது."

அந்த வருஷம் அடைமழையில் ஓர் இடி விழுந்தது. பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர் பெட்டி ஊமையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வெயில்காரர் பூசை முடிந்து கோயிலிலிருந்து வெள்ளைச் சட்டையோடு நேரே வந்து நின்றார்.

"ரிப்பேருக்குன்னு நாம எதுவும் ஒதுக்கவே இல்ல அங்கிள். பேசாம எல்லாத்தையும் வித்துப் பிரிச்சுக்கலாம்" என்றான் செக்ரட்டரி. தலைகள் ஆடின.   வெயில்காரர், பழைய சீட்டுக்காகத் தன் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களையே மறுபடி பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். நான் எழுந்தால் கூட்டம் உட்காரும். "பொட்டியத் தொறந்துகூட பாக்கல, அதுக்குள்ள கருமாதியா? மெஷின வாங்குறது பெருசில்ல தம்பி, ஓட வைக்கிறதுதான் காசு. இனிமே பில்லுல மிச்சமாவறதுல கொஞ்சம் ரிப்பேருக்குன்னு எடுத்து வை. பட்டற வச்சிகிறவன் சொல்றேன், எழுதிக்கோ!" மறுநாளே என் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். உள்ளே ஒரு சர்க்யூட் கார்டுதான் போயிருந்தது. மாற்றினான், பெட்டி பேசியது. அந்தச் செலவும் அசலோடு சேர்ந்தது. எங்கள் அடுக்குமாடியில் இன்றைக்கும் லிஃப்ட் வெயிலில் ஓடுகிறது என்றால் அதற்கு யார் காரணம் என்று நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. சொல்லிவிட்டேன்.

சில வருஷங்கள் ஓடின. மறுபடி ஒரு கோடை வந்தது. செக்ரட்டரி மாடிக்கே ஓடி வந்தான். "அங்கிள், இதே மாதிரி வெயில் அடிச்சா அடுத்த பில்லோட அசல் வந்திரும்!" மூவரும் கைகுலுக்கிக்கொண்டோம். டீயில் இரண்டாவது வாய் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அசல் வந்தால் இவர் போய்விடுவார்.

அதற்குப் பிறகு மேகம் வந்தால் அவர் ஒரு பக்கம் விசில் ஊதுவார், நான் இன்னொரு பக்கம் வாய்க்குள்ளேயே 'இரு, இரு' என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

"இன்னா மொதலாளி, மேகத்த அப்டி லுக்கு வுட்ற?"

"சிட்டிக்குத் தண்ணி வோணாமா? ஏரி ரொம்பணும்ல?"

"சித்திர மாசத்துல ஏரி ரொம்பணும்ன்ற ஒரே ஆளு நீதான்."

என் பேச்சை வானம் கேட்கவில்லை. ஒரு பொட்டு மழை இல்லை. பில் வந்தது, அசல் தேறியது, மூன்றாவது மாடி அம்மா கேசரி கிண்டினார். அந்த வாரமே வெயில்காரர் பெட்டியைக் கட்டினார்.

ஆட்டோ நின்றது. "குன்னூர்ல போய் இன்னா பண்ணுவ? அங்க பனிதான் கீது, வெயிலு ஏது?" என்று கேட்டேன்.

"பேத்தி கீறா மொதலாளி."

அதற்கு மேல் என்ன பேசுவது? "பேனல தொடச்சிடுவியா?" என்றார். "என் மெஷினு எப்டி பளபளக்குதுன்னு பாத்துகிற இல்ல? போய்ச் சேரு" என்று அதட்டி அனுப்பினேன்.

இப்போது நான்தான் துடைக்கிறேன். வருவதெல்லாம் லாபம் என்கிறான் செக்ரட்டரி. லிஃப்டுக்குப் புதுக் கயிறு போட்டாகிவிட்டது. பக்கத்துத் தெரு அடுக்குமாடிகளிலிருந்து எங்கள் பேனலைப் பார்க்க வருகிறார்கள். சூரியனையே நான் லேத்தில் கடைந்து மாட்டியது மாதிரிதான் விளக்குகிறேன். அவர்கள் போன பிறகு டீ ஆறிப் போயிருக்கும்.

போன வாரம் துடைத்துக்கொண்டிருந்தபோது குன்னூரிலிருந்து போன் வந்தது. "இன்னா மொதலாளி, வெயிலு எப்டி கீது? அல்லாம் கரீட்டா ஓடுதா?"

செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத வெயில். இன்வெர்ட்டர் பெட்டியில் எண்கள் குதித்துக் குதித்து ஏறிக்கொண்டிருந்தன. இந்த வேலை எனக்குத் தெரியாது என்று வாழ்க்கையில் எவனிடமும் சொன்னவனில்லை நான்.

"ஒண்ணும் சரியில்ல அண்ணாத்தே" என்றேன். "எனக்கு ஒண்ணும் புரியல. நீ ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன்."