தறியில் ஏறிய காலக்ஸி

வானத்தை நிமிர்ந்தே பார்க்காமல் வானியல் படித்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் ரேடியோ தொலைநோக்கி பிடித்ததெல்லாம் காந்த டேப்பில் வெறும் எண்களாகக் கிடக்கும். அதைப் படமாக்க ஃபோர்ட்ரானில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். சிக்னல் பலவீனமான இடத்தில் புள்ளி, பலமான இடத்தில் நட்சத்திரக் குறி என்று லைன் பிரிண்டர் கட்டம் கட்டமாக அடித்துத் தள்ளும். (இதற்குப் பெயர் படமாம்!)

ஒருநாள் அதில், எந்தப் பட்டியலிலும் இல்லாத இரட்டைக் காலக்ஸி, அதாவது ஜோடி நட்சத்திர மண்டலம், ஒன்று தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் நட்சத்திரக் குறிகள் குவிந்த இரண்டு மேடுகள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியூர்க் கருத்தரங்கில் இருந்த பேராசிரியருக்கு, அங்கேயே அறிவிக்கும்படி தபால் அனுப்பிவிட்டு, ஒரு பிரதியைச் சுருட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு ரயிலேறினேன். அங்கேதான் மாமா மகள் கோமதி இருந்தாள். "நட்சத்திரம் எண்ணுதவனுக்குப் பொண்ணு தரமாட்டேன்" என்று விசைத்தறி மாமா அடம்பிடித்துக்கொண்டிருந்தார். இந்தக் காலக்ஸியைக் காட்டித்தான் கல்யாணத்தை முடிப்பதாகத் திட்டம்.

மாமா தாளைத் தறிக்கூடத்தில் விரித்தார். முகம் மலர்ந்தது.

"ஏலே, டிசைன் அம்சமா இருக்கே! எவம்ல போட்டது?"

சேலை டிசைனைக் கட்டத்தாளில் இப்படித்தான் புள்ளி வைத்து வரைவார்கள். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டுத் தறியில் மாட்டுவார்கள்.

"மாமா, இது பல கோடி ஒளியாண்டு தூரத்துல…"

"தூரம் கிடக்கட்டும்ல. சேலை முந்திக்கு எடுப்பா இருக்குமா?"

அட்டையில் ஓட்டை போடுவது கோமதியின் வேலை. மறுநாள் காலை தாளோடு வந்தாள்.

"அத்தான், இதுல பாதிதான் டிசைன். மிச்சம் ரிப்பீட்டு."

"அது இரட்டைக் காலக்ஸி, கோமதி." (எவ்வளவு கருணையோடு சொன்னேன் தெரியுமா!)

"மேட்டை விடுங்க. இந்த மூலையில கிடக்க ஒத்தப் புள்ளி, நாப்பது கட்டம் தள்ளி அங்கனயும் கிடக்கு. எல்லாப் புள்ளியும் அப்படித்தான். ஒரே அட்டைய ரெண்டு தடவை ஓட்டிருக்கிய."

தாளை வாங்கிக் கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். உதிரிப் புள்ளிகள் சிக்னலோடு தாறுமாறாகக் கலந்து வரும் வெறும் இரைச்சல். அவை இரண்டு இடத்தில் அச்சு அசலாக விழவே விழாது. டேப்பின் ஒரே பகுதியை என் புரோகிராம் இரண்டு முறை படித்திருக்கிறது. இருந்தது ஒரே காலக்ஸி, அதுவும் பட்டியலில் ஏற்கெனவே இருந்த பழசு.

தபாலாபீசுக்கு ஓடி, அறிவிக்க வேண்டாம் என்று தந்தி கொடுத்தேன். குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிப் பார்த்து, "இதே காசுக்கு இன்னும் ஒண்ணு போடலாம், தம்பி" என்றார்.

"'மன்னிக்கவும்' போடுங்க."

நல்லவேளை, பேராசிரியர் மேடை ஏறுமுன் தந்தி போய்ச் சேர்ந்தது. அவர் மாமா வீட்டுக்கு அனுப்பிய பதில் தந்தியில் ஒரே ஒரு கேள்விதான்: "தவறைக் கண்டுபிடித்தது யார்?"

மாமாவே அதை வாங்கி, என்னிடம் நீட்டி, இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "எம் மவதான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரிலே, பொண்ணு தாரேன். ஒனக்குப் பின்னாடி எண்ணிப் பாக்க ஒரு ஆளு வேணும்."

ரிப்பீட்டோடு நெய்த அந்த முந்திச் சேலைதான் எங்கள் கல்யாணத்துக்கு. விருந்தாளிகளிடம் இந்தக் கதையை நான் எடுக்கும்போதெல்லாம், அடுப்படியிலிருந்து இன்றும் குரல் வரும்:

"அத்தான், ரிப்பீட்டு!"