ஆட்டத்திலுள்ள மாடுகள்

ஒவ்வொரு மாவட்டத்திலும் குன்றும் வனமும் சார்ந்த குழிப்பந்தாட்டத் திடல் ஒன்று இருத்தல் அவசியம் என்று உல்லாச விளையாட்டு மேம்பாட்டு அதிகாரசபை சுற்றுநிருபம் அனுப்பியபோது, மட்டக்களப்பில் யாரும் அதை எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு முதலில் அது என்னவென்று விளங்க வேண்டும்.

குழிப்பந்தாட்டம் என்றால் கோல்ப். அதிகாரசபையின் தலைவர் வெளிநாடு போயிருந்தபோது, மரங்கள் அடர்ந்த ஒரு மலைச்சரிவில் வெள்ளைக்காரர்கள் சிலர் சின்னப் பந்தொன்றைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்ததைக் கண்டாராம். அவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதி நம் நாட்டு மக்கள் முகத்திலும் தெரிய வேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டார்.

புளியந்தீவிலிருந்த கிளை அலுவலகத்தின் பிரதிப் பணிப்பாளர் ஜெயந்தன், சுற்றுநிருபத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலைமையகத்துக்கு அழைப்பெடுத்தார்.

"சேர், எங்கட பக்கம் வாவி இருக்கு, வயல் வட்டை இருக்கு, கடல் இருக்கு. சொல்லிக்கொள்ளுறமாதிரி மலைதான் இல்ல."

"மலை இல்லை எண்டு எழுத்தில தர ஏலுமா?"

ஜெயந்தன் யோசித்தார். மலை இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க எத்தனையோ பேர் இருந்தார்கள். இல்லை என்று கையெழுத்து வைக்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கவில்லை. ஒரு கிழமை அலைந்தும் கையெழுத்துக் கிடைக்காதபடியால், மாவட்டத்தில் மலை இருப்பதாக முடிவாயிற்று.

அந்த மலை, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிடந்த கரடிக்கல். அது ஒரு பாறை. பக்கத்துத் தென்னையை விட நாலு முழம் உயரம். சுற்றிவரப் பாலையும் வீரையும் முள்ளுச் சூரைப் பற்றையும் நின்றதால் வனம் என்ற தகுதியும் அதற்கு இருந்தது. அங்கே நாகமுத்து என்பவரின் நாற்பத்து மூன்று மாடுகளும் நின்றன. சுற்றுநிருபத்தில் மாடு பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே, பதினான்கு நாட்களுக்குள் மாடுகளை அகற்றும்படி அவருக்குக் கடிதம் போயிற்று.

நாகமுத்து கடிதத்தோடு புளியந்தீவுக்கு வந்தார். மெலிந்த மனிதர்; வயது ஐம்பத்தைந்து இருக்கும். கதிரையில் இருக்கச் சொன்னபோது விளிம்பில் மட்டும் இருந்தார்.

"சேர், வட்டையெல்லாம் மாரிப் போகம் விதைச்சாச்சி. மாடு அங்கால கால் வெச்சா வெட்டுக்குத்துத்தான். கரடிக்கல்ல விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல."

"ஐயா, இது அபிவிருத்தி. பதினெட்டுக் குழி வெட்டப் போறம்."

நாகமுத்தின் முகம் சற்றுத் தெளிந்தது. "தென்னம்பிள்ளை வைக்கவா?"

"இல்ல. பந்து விழுத்த."

"விழுத்திப்போட்டு?"

"எடுத்து அடுத்த குழியில விழுத்துறது."

நாகமுத்து கதிரையின் விளிம்பிலிருந்து இன்னும் முன்னுக்கு வந்தார். "சேர், இதுக்கு ஒரு குழி காணாதா? மத்தப் பதினேழையும் விட்டா மாடு நிக்க இடம் வரும்."

இது மிக நல்ல யோசனை. அதனால்தான் அதைக் குறித்துக்கொள்ளும் நிரல் எந்தப் படிவத்திலும் இருக்கவில்லை. நாகமுத்து எழும்பிப் போய்ப் படியில் நின்று, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை ஜீப் சாரதி மஜீட் கண்டார். கண்டதை யாருக்கும் சொல்லவில்லை.

திடலைப் பதிவுசெய்ய இன்னுமொரு நிபந்தனை இருந்தது. மாதம் முடிவதற்குள் பதவிநிலை உத்தியோகத்தர் ஒருவர் அங்கே முழு ஆட்டம் ஒன்றை ஆடி, விளையாடத் தகுந்தது என்று அத்தாட்சிப்படுத்த வேண்டும். மாவட்டத்தில் கோல்ப் தெரிந்தவர் எவருமில்லை. ஜெயந்தன் தொலைக்காட்சியில் கிரிக்கட் தேடியபோது அதை இரண்டு தடவை கடந்து போயிருக்கிறார். எனவே அவரே மாவட்டத்தின் நிபுணராக நியமிக்கப்பட்டார்.

தலைமையகம் ஒரு மட்டை, ஒரு பந்து, ஒரு கையுறை, ஒரு தொப்பி, ஒரு விதிநூல் அனுப்பியது. விதிகளில் முதல் ஐந்து மட்டுமே தமிழில் வந்திருந்தன. மொழிபெயர்ப்பாளர் பிரசவ விடுமுறையில் போய்விட்டாராம். மிகுதி கிடைக்கும்வரை ஐந்தே போதுமானது என்று மேலட்டையில் குறிப்பிருந்தது.

மாதத்தின் இருபத்தைந்தாம் நாள் காலை, குழிகள் வெட்டி முடிந்த கையோடு ஜீப் கரடிக்கல்லுக்குப் போனது. ஜெயந்தன் தொப்பியும் கையுறையும் போட்டிருந்தார். அபிவிருத்தி உத்தியோகத்தர் விதுர்ஷா விதிநூலை நெஞ்சோடு அணைத்திருந்தாள். நாகமுத்து மாடுகளோடு நின்றார். பதினான்கு நாள் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

முதல் அடி காற்றில் போயிற்று.

"இத ஒரு அடியா எண்ணுறதா, மிஸ்?" என்று மஜீட் கேட்டார்.

"பந்து அசையல்ல. அதால சம்பவம் நடக்கல்ல," என்றாள் விதுர்ஷா.

இப்படி ஒன்பது சம்பவங்கள் நடக்கவில்லை. பத்தாவதில் பந்து எழும்பிப் பாறையில் பட்டு, திரும்பி வந்து, ஜெயந்தனின் தலைக்கு மேலால் பறந்து சூரைப் பற்றைக்குள் விழுந்தது.

"மூன்றாம் விதி," என்று விதுர்ஷா வாசித்தாள். "பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்கப்படல் வேண்டும்."

பிரதிப் பணிப்பாளர் பற்றைக்குள் தவழ்ந்து போனார். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து அரசாங்க உத்தியோகத்தருக்கு ஒவ்வாத சில சொற்கள் வந்தன. பிறகு பந்து வந்தது. அதன் பிறகு தொப்பி வந்தது. கடைசியில் அவர் வந்தார். காற்சட்டையின் பின்புறம் முழுமையாக வரவில்லை.

மத்தியானத்துக்குள் இரண்டு குழி முடிந்தது. மூன்றாவது குழிக்குப் பாறையின் உச்சியிலிருந்து கீழே அடிக்க வேண்டும். முதுகுவலியோ கோபமோ தெரியாது, அன்றைக்கே அழகான அடி அதுதான். பந்து மரங்களுக்கு மேலால் போய், புல்லில் விழுந்து உருண்டு, மாட்டுப்பட்டியின் நடுவே நின்றது.

நாகமுத்து தினமும் தன் மாடுகளுக்குத் தவிடும் உப்பும் பிசைந்து உருண்டை போடுவார். மேலே உப்புப் பூத்து அதுவும் வெள்ளை, அளவும் அதுதான். ஒரு மாடு குனிந்தது. நிமிர்ந்தபோது பந்தைக் காணவில்லை.

எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"வேற பந்து போடுவம்," என்றார் ஜெயந்தன் மூச்சிரைத்தபடி.

"நாலாம் விதி சேர். ஆரம்பித்த பந்தினாலேயே ஆட்டம் முடிக்கப்படல் வேண்டும்."

"அப்ப கிடக்கிற இடத்தில இருந்து அடிக்கவா?" ஜெயந்தன் மட்டையோடு மாட்டைப் பார்த்தார். நாகமுத்து தன் பொல்லோடு ஜெயந்தனைப் பார்த்தார். விதிகளில் இல்லாத ஒரு காரணத்தினால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

"எந்த மாடு ஐயா முழுங்கினது?"

நாகமுத்துக்குத் தன் மாடுகள் நாற்பத்து மூன்றையும் பேர் சொல்லி அழைக்கத் தெரியும். இருட்டில் மூச்சை வைத்தே ஆளைச் சொல்லுவார். அவர் எல்லா மாடுகளையும் ஆறுதலாகப் பார்த்தார். பிறகு விதுர்ஷாவிடம் திரும்பினார்.

"புள்ள, அந்தப் புத்தகத்தில இன்னும் என்ன கிடக்கு?"

"ஐந்தாம் விதி. ஆட்டம் முடியும்வரை திடலிலுள்ள எதனையும் எவரும் அகற்றலாகாது."

"இன்னொருக்கா வாசிங்க."

அவள் இன்னொரு தரம் வாசித்தாள். நாகமுத்து பொல்லை நிலத்தில் ஊன்றினார்.

"எனக்கு வடிவாத் தெரியா சேர். எல்லாம் ஒரே வாய்தானே. நாப்பத்திமூண்டில ஒண்டு."

ஜெயந்தன் அங்கேயே ஜீப்பின் முன் பொனட்டில் வைத்துக் கடிதம் எழுதினார். மேற்படி மாடுகள் நாற்பத்து மூன்றும் ஆட்டத்தில் உள்ளவை என்றும், ஆட்டம் முடிவுறும்வரை திடலை விட்டு வெளியேற அவற்றுக்கு அனுமதியில்லை என்றும் அதில் கண்டிருந்தது. றப்பர் முத்திரையும் குத்தப்பட்டது. நாகமுத்து அதை வாங்கி நாலாக மடித்து மடியில் செருகினார். செருகிய இடத்தைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டார். பயத்தில் என்று ஜெயந்தன் நினைத்து, "ஒண்டுக்கும் யோசியாதீங்க ஐயா, கெதியா முடிச்சிருவம்," என்று ஆறுதல் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து சாணப் பரிசோதனை தொடங்கியது. காலை ஏழரைக்கு ஜெயந்தன் ஒரு தடியோடும் விதுர்ஷா ஒரு படிவத்தோடும் பட்டிக்குள் இறங்குவார்கள். நேரம், இடம், தன்மை, பந்து உண்டா இல்லையா. ஒரு பட்டதாரிப் பெண் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்தது வீண்போகவில்லை. 'தன்மை' என்ற நிரலை அவள் மிக நுணுக்கமாக நிரப்பினாள்.

"சேர், உத்தியோகத்தர் வேலை எண்டா இப்பிடி இரிக்கணும்," என்றார் மஜீட், காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டு.

நாலாம் நாள், அவர்கள் வருமுன்னமே, நாகமுத்து பந்தைக் கண்டெடுத்தார். கழுவினார். இந்தத் தேசிக்காயளவு சாமானுக்காகத் தன் வாழ்வே போகப் பார்த்ததை நினைத்துச் சிரித்தார். கொஞ்சம் அழவும் செய்தார். பிறகு பாறை இடுக்கொன்றுக்குள் ஆழமாகப் போட்டு, மேலே கல்லை வைத்துவிட்டார். ஏழரைக்கு ஜெயந்தன் வந்தபோது, தேடுவதற்குத் தானும் ஒரு தடி எடுத்துக்கொண்டார்.

மாதம் முடிந்தது, ஆட்டம் முடியவில்லை. ஜெயந்தன் வேலை போகுமென்று நடுங்கியபடி அறிக்கை அனுப்பினார். தலைமையகத்தில் தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தாராம். ஒரே ஆட்டம் மாதம் கடந்தும் நடக்கிறது என்றால், மக்கள் இந்த விளையாட்டில் எவ்வளவு ஈடுபட்டிருக்க வேண்டும்! கரடிக்கல் முன்மாதிரித் திடலாயிற்று. ஜெயந்தன் பணிப்பாளரானார். சாணத்தை அவருக்கு மேல் அறிந்தவர் இல்லாதபடியால், அவர் அங்கே தொடர வேண்டும் என்றும் கட்டளை வந்தது.

பிறகு அந்த மோகம் ஊருக்குள் பரவியது. புளியந்தீவுக் கடைகளில் கோல்ப் தொப்பி தொங்கியது. தேற்றாத்தீவில் ஒரு மாப்பிள்ளை, கையில் மட்டையோடும் பக்கத்தில் மாட்டோடும் கலியாண அல்பத்துக்குப் படம் பிடித்தான். பெண்ணையும் ஒரு படத்தில் சேர்த்திருந்தார்கள்.

நாகமுத்துக்கு 'திடல் பொறுப்பாளர் (பதில் கடமை)' என்று நியமனம் வந்தது. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு விசில் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டு நின்றுகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் கதிரையில் இருந்தார், முதுகை நன்றாகச் சாய்த்து.

அந்தக் கிழமை கண்ணகை வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, புருஷன் இல்லாதவள், ஏழு மாடுகளைத் தனியாக மேய்ப்பவள். அவள் மாடு மேய்த்த மேட்டை அதிகாரசபை இரண்டாம் திடலுக்கு எடுத்துவிட்டது.

"நாகமுத்தண்ணன், என்ட ஏழையும் உங்கட பட்டியோட விடுங்க. நம்மட கஷ்டம் உங்களுக்குத் தெரியும்தானே."

நாகமுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டார். அதை அவர் புதிதாக வாங்கியிருந்தார். "பந்து முழுங்கினதுக்கு அத்தாட்சி இரிக்கா?"

"என்ன கதை இது? உங்கட மாடு முழுங்கினதுக்கு என்ன அத்தாட்சி?"

"அது கோவையில இரிக்கி. கோவை பார்க்கிறதுக்கு வேற விண்ணப்பம்."

கண்ணகை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உப்புருண்டை கொடுத்து வளர்த்த கைதானே அது. இப்ப விசில் புடிக்கி."

நாகமுத்தின் முகம் ஒரு கணம் மாறியது. உதடு ஏதோ சொல்லப் போனது. அதற்குள் அவளுக்குப் பின்னால் தங்கள் மாடுகளோடு வரிசையில் நின்றவர்கள், "கெதியா முடிங்க, நாங்களும் நிக்கிறம்," என்று சத்தம் போட்டார்கள். அவர் விசிலை ஊதினார்.

கண்ணகை மாடுகளைத் திருப்பிக்கொண்டு போனாள். ஆனால் அவள் அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் 'குழிப்பந்தாட்ட மாடு வளர்ப்போர் சங்கம்' என்று ஒன்றைப் பதிவுசெய்து, அதன் தலைவியாகி, முந்நூறு பேரைத் திரட்டிக் கொண்டுவந்து கரடிக்கல்லில் கூட்டம் வைத்தாள். இனி நியாயம் பிறக்கும் என்று ஊர்ச்சனம் நாங்கள் எல்லோரும் போனோம். கூட்டத்தின் முதலாவது தீர்மானம், சங்கத்தில் இல்லாதவர் எவரும் அங்கே மாடு மேய்க்கக் கூடாது என்பது. ஏகமனதாக நிறைவேறியது, மாடு இல்லாத நாங்கள்தான் இரண்டு கையையும் தூக்கினோம்.

செயலாளர் பதவிக்கு மட்டும் பதினொரு பேர் போட்டியிட்டோம். நான் இரண்டு வாக்கால் தோற்றேன். மேன்முறையீடு செய்திருக்கிறேன்.