சிக்னல் பார்த்துக் கொடுத்த லைன்

திருவொற்றியூரில் வாயைத் திறக்காமல் ஒரு லாரியையும் ஒரு கல்யாணத்தையும் நடத்தக்கூடிய ஆள், நாங்கள் சிக்னல் என்று கூப்பிடுகிற பெரியவர் ஒருவர்தான்.

ஹார்பரில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை அவருக்கு. தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் கையாலேயே. ரிட்டயர் ஆன பிறகும் கை ஓயவில்லை. மனைவி இட்லிப் பானையை இறக்கினாலும் எதிரே நின்று கை காட்டுவார். என் தம்பி கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம், விரலைக் கீழே காட்டி "மெல்ல, மெல்ல" என்று சைகை செய்தார். திடீரென்று உள்ளங்கையைத் தூக்கினார். தம்பி அப்படியே நின்றுவிட்டான். மேளமும் நின்றது. கயிறு மாலையில் சிக்கியிருந்ததாம்.

எனக்கு லேத் பட்டறை. இரண்டு மெஷின், மூன்று ஆள். கப்பல் ரிப்பேர் கம்பெனி ஒன்றின் வேலையை நம்பித்தான் நான்கு குடும்பமும் சாப்பிட்டது. செய்ய வேண்டிய சாமானின் படத்தை மெயிலில் அனுப்புவார்கள். அப்போது என்னிடம் இருந்தது டெலிபோன் வழியாக வருகிற நெட். படம் பாதி வரும். யாராவது போன் செய்வார்கள். கட்டாகிவிடும். பெரும்பாலும் என் மாமியார்.

கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார். "இந்த மாசத்துக்குள்ள பிராட்பேண்ட் போடுங்க. இல்லன்னா மணலியில வேற பட்டறை பாத்துக்குறோம்."

நான் படித்தது ஐந்தாவது. லைன் கொடுக்கிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். போன் கம்பெனி ஆள் அதிகம் பேசவில்லை. கேபிள் டிவிக்காரர் பேசினார். "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள படம் வந்து நிக்கும்ணே." எனக்குப் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். வாசலில் நின்ற சிக்னல் கையைத் தூக்கினார்.

"இன்னாண்ணா?"

"லைன் போச்சுன்னா எவன் வருவான், கேட்டியா?"

"போவாதுன்னு சொல்றாருண்ணா."

"கயிறு விக்கிறவனும் அறுவாதுன்னுதான் சொல்வான் நைனா. மண்டையில வுழுறது நமக்கு."

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேபிள் நெட். எதிர் மருந்துக் கடையில் போன் கம்பெனி நெட். இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டுக்கும் லைன் டெட் என்று சிக்னல் கம்ப்ளைண்ட் கொடுத்துவிட்டார்.

கேபிள் ஆபீசில் "தோ, வந்துகினே கீறோம்" என்றார்கள். ஒரு வாரம் வந்துகொண்டே இருந்தார்கள்.

மருந்துக் கடைக்கு மறுநாள் காலையே லைன்மேன் வந்தார். ஏணியில் ஏறினார், இறங்கினார். பெட்டியைத் திறந்தார், மூடினார்.

"யாரு கம்ப்ளைண்ட் குட்த்தது? லைன் சோக்கா கீதே."

"கீது," என்றார் சிக்னல். "உன்னப் பாக்கத்தான் கூப்ட்டேன்."

"நான் இன்னா கல்யாணப் பொண்ணா?"

"கோச்சுக்காத. டீ சாப்புடு."

போன் கம்பெனி லைனையே எடுத்தேன். வேகம் கொஞ்சம் குறைவுதான்.

மழைக்காலத்தில் அதுவும் ஒரு நாள் செத்தது. அன்றைக்குத்தான் அவசர வேலை. கப்பல் மறுநாள் கிளம்புகிறது. ஒரு ஷாஃப்ட் கடைந்து கொடுக்க வேண்டும். படம் வரவில்லை. மேனேஜர் போனில் மணலியை இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். சிக்னல் லைன்மேனைக் கூப்பிட்டார். முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த மனிதர் வந்து சேர்ந்தார்.

"நெஜமாவே போச்சா, இல்ல என்னப் பாக்கணுமா?"

நிஜமாகவே போயிருந்தது. பெட்டிக்குள் தண்ணீர். துடைத்தார், கம்பியைச் சீவி மாட்டினார். படம் வந்தது. ஷாஃப்ட் கப்பலுக்குப் போனது. வேலை எங்களிடமே நின்றது.

அன்று சாயங்காலம் சிக்னல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும் நைனா. நெட்டுன்னா இன்னா?"

தெரிந்ததைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. சொன்ன எனக்கும் அவ்வளவாகப் புரியவில்லை.

"வுடு. பசங்களுக்கு வேலை கீது இல்ல?"

"கீதுண்ணா."

அதற்குப் பிறகு தினமும் காலையில் பட்டறைக்குள் வருவார். மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால் பேசாமல் போய்விடுவார். இப்போது அவருக்கு முட்டி வலி. வாசற்படி ஏற முடியவில்லை. தெருவிலேயே நின்று எட்டி எட்டிப் பார்த்தார்.

மோடத்தை எடுத்துத் தெருப்பக்க ஜன்னலில் வைத்துவிட்டேன்.