மதியத் தூக்கமும் ஐந்தாண்டுத் திட்டமும்

தனியார் பள்ளிகளில் மட்டுமே செழித்து வளரும் ஓர் உயிரினம் உண்டு. திட்டமிடுபவர் என்று பெயர். பாடம் நடத்தமாட்டார், விடைத்தாள் திருத்தமாட்டார், மழைநாளில் வாசலில் நின்று பிள்ளைகளின் குடையை மடக்கித் தரமாட்டார். ஆனால் ஐந்தாண்டுகளில் பள்ளி எங்கே போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

தைவானின் தைச்சுங் நகரத்துப் பள்ளி ஒன்றில் அவர் பெயர் ஃபாங் ஹுங்-யுவான். ஊரில் பிறப்பு குறைந்து, சேர்க்கை தேய்ந்து, வகுப்பறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படவே, நிர்வாகம் பயந்துபோய் அவரைக் கூட்டிவந்தது. வந்தவர் சுவர் முழுக்க வண்ணச் சீட்டு ஒட்டினார், சீட்டுக்குச் சீட்டு அம்புக்குறி இழுத்தார், அம்புக்குறிகளை வட்டத்துக்குள் அடைத்தார், வட்டத்துக்குக் கனவு என்று பெயர் வைத்தார். அடுத்து எதையாவது ஒழிக்கவேண்டுமே? மதியத் தூக்கம் கண்ணில் பட்டது.

சாப்பாட்டுப் பெட்டியை மூடியதும் மேசைமேல் தலைசாய்த்து அரைமணி தூங்குவது அந்த ஊர்ப் பள்ளிகளின் பழைய வழக்கம். ஃபாங் அதற்குப் 'புதுமை நேரம்' என்று பெயர் சூட்டினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டபடியே அட்டையும் பசையுமாக எதிர்கால நகரங்கள் கட்டினார்கள்.

மாட்டிக்கொண்டவள் லியௌ சின்-யி. புதுமை முடிந்ததும் தொடங்கும் கணக்கு வகுப்பு அவளுடையது. குடும்பத்தின் முதல் பட்டதாரி, தற்காலிக ஆசிரியை. வகுப்பின் மதிப்பெண் இறங்கினால் அடுத்த ஆண்டு அப்பாவின் மீன்கடைக்கே திரும்பவேண்டியதுதான். கரும்பலகையில் முக்கோணம் வரைந்துவிட்டுத் திரும்பினால், வகுப்பே குறட்டை விட்டது.

ஃபாங்கிடம் போனாள்.

"சார், பசங்க தூங்கி விழறாங்க. மதியம் பழையபடி கொஞ்சம் படுக்க விட்டா போதும்."

"பழையபடியா? அந்த வார்த்தையே நம்ம திட்டத்துல கிடையாது டீச்சர். குறை சொல்ல வராதீங்க. புதுசா எதாச்சும் இருந்தா கொண்டாங்க."

புதுசா? மீன்காரர் மகளுக்குத் தெரியாத வித்தையா? பழைய மீன்மேல் புது ஐஸைக் கொட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள். இது பித்தலாட்டமில்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் ஒரு மூளையை வரைந்து சுற்றிலும் அம்புக்குறி போட்டிருந்தாள். 'மூளைப் புத்துயிர்ப்பு இடைவேளை': கைகளை மேசைமேல் மடித்து, நெற்றியைத் தாழ்த்தி, கண்மூடி, அரைமணி.

கூட்டத்தில் அவள் அந்தப் படத்தை விரித்துக் காட்டியதும் ஃபாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை நாளா நான் தேடினது இதைத்தான்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சேர்க்கை விளம்பரத்தின் முதல் பக்கத்தில் அந்த மூளை ஏறியது, கூடவே கட்டணமும். பிள்ளைகள் ஆனந்தமாகத் தூங்கினார்கள், மதிப்பெண் நிமிர்ந்தது. சின்-யியின் வேலை நிரந்தரமாகி, திட்டக்குழுவில் ஒரு நாற்காலியும் கிடைத்தது.

புது மேசையில் அவள் வண்ணச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வகுப்புத் தலைவி வந்து நின்றாள்.

"டீச்சர், மாடிக் குழாய்ல தண்ணி வரல."

"குறை சொல்ல வராதம்மா. புதுசா எதாச்சும் இருந்தா..."

சின்-யி பாதியில் நிறுத்தினாள். அறையில் ஃபாங் இல்லை. ஆனால் குரல் அவருடையதுதான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று கடைசியாக யாரோ வந்து சொன்னார்களே, அப்போது நீங்கள் தேடியது ஸ்பேனரையா, அம்புக்குறி போடப் பேனாவையா?