எண்ணெய்த் தலையும் ஐந்தருவியும்

நான் இதுவரை தலையால் முட்டி ஒரு கோல்கூடப் போட்டதில்லை. இன்டர்வியூவில் யாரும் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். உடற்கல்விப் பட்டம் வாங்கி, தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிகப் பி.டி. சார் ஆனேன். (தெருவில் அம்மா ‘சார்’ என்பதை மட்டும்தான் சொல்லியிருந்தாள்.) சுரண்டை அணியோடு ஆடும் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வேன் என்றார் தாளாளர்.

எங்கள் ஸ்டிரைக்கர் ரசூல் தரையில் வரும் பந்தை விடமாட்டான். ஆகாயத்தில் வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். நோட்டில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினேன். நோட்டைப் பார்க்கும்போது கண்ணை நன்றாகத்தான் திறந்திருந்தான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. (அப்போதெல்லாம் அடிக்கடி வரும்.) உச்சந்தலையில் அருவி விழும்போதே கண் திறந்து நின்றால், பந்தெல்லாம் எம்மாத்திரம்? ஆட்டத்தன்று காலையில் ரசூலை வீட்டுக்கு வரச்சொல்லி, ஐந்தருவிக்குக் கிளம்பினோம். குற்றாலம் என்றதும் அம்மாவும் புறப்பட்டுவிட்டாள்.

"முட்டுத தலைக்கு எண்ணெ வேண்டாமாலே?" என்று வீட்டிலேயே எங்கள் இருவர் மண்டையிலும் நல்லெண்ணெயைக் கவிழ்த்துத் தேய்த்தாள். அருவிக்குப் போனால் சோப்பு, சீயக்காய்க்குத் தடை. கொண்டுபோன சீயக்காய் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

"கண்ணைத் தொறலே!" என்று அருவிக்கடியில் நின்று கத்தினேன்.

"நீங்க மொதல்ல தொறங்க சார்!"

என்னால் முடியவில்லை. ஒதுங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அத்தனை உயரத்திலிருந்து மலையே உடைந்து விழுவதுபோல் தண்ணீர் விழ, அதற்கடியில் முகத்தை நிமிர்த்தி, இரண்டு கண்ணையும் விரித்து நின்றிருந்தான் அந்தப் பதினாறு வயதுப் பையன்.

மதியம் ஆட்டம். ஓரத்திலிருந்து முதல் கிராஸ் உயரமாக வந்தது. ரசூல் எழும்பினான். கண் திறந்திருந்தது. பந்து நெற்றியில் பட்டு, வாழையிலையில் விட்ட ரசம் மாதிரி வழுக்கிப் பின்னால் ஓடியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது, தாளாளரின் டீ டம்ளர் மேலேயே போய் விழுந்தது.

இடைவேளையில் வேட்டியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன சார் சொல்லிக்குடுத்தீரு? எங்க, நீரு முட்டிக் காட்டும்."

பந்தைத் தூக்கிப் போட்டார்கள். ஓடினேன், குதித்தேன். மூக்கில் ‘மொத்’தென்று விழுந்தது. ரசூல் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: "சார், கண்ண மூடிட்டீய."

கடைசி நிமிடம். மூக்கில் பஞ்சோடு நின்றிருந்தேன். தூற ஆரம்பித்திருந்த சாரலுக்குள்ளிருந்து ஒரு பந்து வந்தது. ரசூல் எழும்பினான். எழும்பியவன் இறங்கவே மறந்ததுபோல் அங்கேயே நின்றான். பந்து நெற்றியைத் தொடும்வரை இமை அசையவில்லை. கோல்கீப்பர் வலது பக்கம் சரியாகத்தான் பாய்ந்தான்; எண்ணெயில் வழுக்கிய பந்து இடது பக்கம் போய் வலையில் விழுந்தது. வாய் திறந்தபடி நின்றேன்.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். தாளாளர் ரசூலின் தலையைத் தடவி, பிசுபிசுத்த கையை வேட்டியில் துடைத்தார். "பயல் கண்ண மூடாம நிக்கான்லா! வேலை உமக்குத்தான். ஆனா இனிமே நீரு முட்டிக் காட்டப்பிடாது."

இன்றுவரை அந்த நிபந்தனையை மீறவில்லை. வீட்டில் நான் எதையாவது படித்தவன் தோரணையில் விளக்க ஆரம்பித்தால் போதும், அம்மா எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைப்பாள்.

"சொல்லுய்யா. கண்ண மட்டும் தொறந்துக்கோ."