ஒரே ரத்தம், இரண்டு கணக்கு

என் உடம்பில் இருக்கும் எந்தப் பொருளையும் எவருக்கும் தருவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் நிறைவேற்றினேன். ஏகமனதாக நிறைவேறியது. ஓட்டுப் போட்டது நான் ஒருவன்தான். அதுவும் குளியலறைக்குள், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

விஷயம் இதுதான். என் மச்சினனுக்கு, அதாவது மனைவியின் ஒரே தம்பிக்கு, இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு கிடந்தான். அவனுக்கு ஒத்துப்போகிற ரத்த வகை குடும்பத்தில் இரண்டே பேருக்கு. என் மனைவிக்கு. எனக்கு.

"முதல்ல நம்ம ரெண்டு பேருக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனைதாங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்பாங்களாம்."

"பார்க்கட்டுமே!"

"பயமா இருக்கா?"

"எனக்கா? நீ கேட்டா தலையையே குடுப்பேன்."

"தலை வேண்டாம். அவனுக்கு உபயோகப்படுறதா பார்த்துக் குடுங்க."

அவள் கணக்கு டீச்சர். தேவைக்கு மேல் ஒரு வரி பேச மாட்டாள்.

நான் கட்டடக் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவன். மறுநாளே லேப்காரரை டீக்கடையில் பிடித்தேன்.

"ரத்தத்தை வச்சு கிட்னியை எப்படி சார் அளக்கிறீங்க?"

"அளக்கிறது எங்க? கிரியாட்டினின்னு ஒரு கழிவு. தசையில உண்டாகும், கிட்னி வெளியேத்தும். ரத்தத்துல அது எவ்வளவு நிக்குதுன்னு பார்த்து, வயசு, ஆணா பொண்ணான்னு சேர்த்துப் போட்டா ஒரு நம்பர் வரும். அறுபதுக்குக் கீழ போனா யோசிப்பாங்க."

"அப்போ அது எஸ்டிமேட்!"

"எஸ்டிமேட்தான். அதனாலதான் முன்னாடி நிறையக் கறி சாப்பிடாதீங்க, பாரம் தூக்காதீங்கங்கிறோம். நம்பர் இறங்கிடும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இருபது வருஷமாகச் செங்கல்லையும் கம்பியையும் கூட்டிக் குறைத்துக் காட்டியவன் நான். ஒரு எஸ்டிமேட்டைக் கெடுக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்?

பரிசோதனையன்று காலை வேலையிடத்தில் ஒன்பது சிமெண்ட் மூட்டை தூக்கினேன். முதலாளி என்னைப் பதவியிறக்கிவிட்டார் என்று கொத்தனார் கண் கலங்கினார். மதியம் ஹோட்டலில் முக்கால் கிலோ ஆட்டுக்கறி. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சாயங்காலம் லேபில் இடது கையில் ஊசி குத்தும்போது, மனைவி என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகத் தூக்கித் தன் முகத்தோடு வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அப்படிச் செய்ததே இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நிமிஷமும் போய்விட்டது. கிளம்பும்போது அவள் லேப்காரரிடம் தனியாக ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

முடிவு வந்தது. அவளுக்குத் தொண்ணூற்றெட்டு. எனக்கு ஐம்பத்துநாலு.

"இப்போதைக்கு இவர் வேண்டாம்" என்றார் டாக்டர். "மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துத்தான் நோயா இல்லையான்னு சொல்ல முடியும்."

"என்னால குடுக்க முடியலையே!" என்று கைக்குட்டையை எடுத்தேன்.

"பரவாயில்லைங்க. நான் குடுக்கிறேன்."

அவள் கொடுப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து, விலாப் பக்கம் தையலோடு வீட்டுக்கு வந்தாள். கனமாக எதையும் தூக்கக் கூடாது. சமையல், துணி, பெருக்கல், துடைத்தல் எல்லாம் என் தலையில். அதோடு எனக்குப் பத்தியம் வேறு. கறி கிடையாது. உப்பும் கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் அது என் தட்டிலே. மச்சினன் தேறி வந்து, எதிரே உட்கார்ந்து கோழிக்கால் கடித்தான். "மாமாவைப் பார்த்தா பாவமா இருக்குக்கா" என்றான்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. தொண்ணூற்றிரண்டு!

"பார்த்தியா, பத்தியத்துல குணமாயிடுச்சு!" என்று குதித்தேன்.

அவள் பரீட்சைத் தாள்களுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். என் பெயர். மூன்று மாதத்துக்கு முந்தைய அதே தேதி. தொண்ணூற்றைந்து.

"இது என்ன?"

"சிஸ்டாட்டின்னு கிட்னிக்கே இன்னொரு டெஸ்ட். கறிக்கும் அசையாதாம், மூட்டைக்கும் அசையாதாம். அன்னிக்கு எடுத்த அதே ரத்தத்துல பார்க்கச் சொன்னேன்."

"உனக்கு எப்படி..."

"கையை மோந்து பார்த்தேனே. சோப்பையும் மீறிக் கறி வாசனை, சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி."

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்போ மூணு மாசம் உப்பில்லாம?"

"நோயாளிக்கு உப்பு போடுவாங்களா?"

"அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!"

"மாட்டிக்கிட்டோமேன்னு குடுத்திருப்பீங்க. அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்க. காப்பி ஆறிப்போனாக்கூட, உன் தம்பி உயிரோட இருக்கிறது என் கிட்னியாலன்னு சொல்லுவீங்க."

காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன். அவள் சொன்னது எஸ்டிமேட் இல்லை, சரியான அளவு.

அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் சாய்ந்தாள்.

"காப்பி கொண்டு வாங்க. சூடா. எனக்கு இருக்கிறது ஒத்தைக் கிட்னி."