ஊசி அண்ணாத்தேயும் எலுமிச்சம்பழ இன்ஜினும்

ஆவடி பட்டாளத்துப் பட்டறையில் லாரியையும் ஜீப்பையும் ஓட வைத்த சூரர்கள் எத்தனையோ பேர். எலுமிச்சம்பழம் அளவு இன்ஜினுக்காகத் தன் கல்யாணத்தையே பணயம் வைத்தவர் ஊசி அண்ணாத்தே ஒருவர்தான்.

யுத்த காலம். நானும் அவரும் சேக்காட்டில் ஒரே அறையில் குடியிருந்தோம். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன், பொம்மை விமானத்தில் வைக்கிற அந்த இன்ஜினை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதன் கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்க ஓர் ஊசி உண்டு. அதைப் பொழுதெல்லாம் திருகியதால் வந்த பெயர்தான் இது.

பெட்ரோலோ ரேஷன். மனிதர் விடுவாரா? ஸ்பிரிட்டில் நல்லெண்ணெய் கலந்தார். இன்ஜின் பிசுக்குப் பிடித்து முறைத்தது. கடலை எண்ணெய் கலந்தார். வடை வாசனை வந்து எங்களுக்குப் பசித்ததுதான் மிச்சம். கடைசியில் மூன்று பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு விளக்கெண்ணெய். பிய்த்துக்கொண்டு ஓடியது. என் தலையணை, சாமி படம், சோற்றுப்பானை எல்லாவற்றிலும் விளக்கெண்ணெய் தெறித்தது.

"இன்னா அண்ணாத்தே, மனுசன் இருக்கற எடமா இது?"

"வயித்துக்கு நல்லது மச்சான்!"

இந்த இன்ஜினாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. மூன்றாவதாக அண்ணனூரில் பெண் பார்க்கப் போனபோதும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். 

"பொம்மைய வெச்சிகினு ஆடறவனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்றார் பெண்ணின் அப்பா.

"பொம்மை இல்ல மாமா, இன்ஜின். ஓட்டிக் காட்டறேன்."

"நான் போட்ட வெத்தலை தீர்ற வரிக்கும் ஓடட்டும். அப்பால பேசலாம்."

இன்ஜினின் விசிறியை விரலால் சுண்டினார். டர்ரென்று உறுமி நின்றது. மறுபடி சுண்டினார், மறுபடி நின்றது. வருங்கால மாமனாரின் வெள்ளை வேட்டியில் எண்ணெய் தெறிக்கக் கூடாதே என்று, மரியாதைக்காக ஊசியை இறுக்கி வைத்திருந்தார் மனிதர்! விரலில் ரத்தம் கசிந்தது. பெரியவர் வெற்றிலையைத் துப்ப எழுந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "ஊசிய இன்னும் தொறங்க. எண்ணெ பத்தலன்னா எங்க ஊட்டு ஸ்டவ்வும் இப்டித்தான் விக்கிகினு நிக்கும்!"

திறந்தார். இன்ஜின் அலறியது. பெரியவர் உச்சி முதல் வேட்டி வரை விளக்கெண்ணெயில் குளித்தார்.

"போதும் நைனா, நிறுத்து! பொண்ண கட்டிக்கோ!"

"வெத்தலை இன்னும் தீரலியே மாமா!"

தை மாதம் கல்யாணமாகி அவர் தனிக்குடித்தனம் போனார். நான் அறையைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், தலையணையோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.